பூனைக்காலிக்கு ஆறு மாதம்

கப்பல் வரும் நாளில் தவேயுனித் தீவின் துறையில் கால் வைக்க இடமிருக்காது. எங்கு பார்த்தாலும் சேப்பங்கிழங்கு மூட்டை. தமிழ்நாட்டுச் சந்தையில் முட்டை அளவுக்குக் கிடைக்கிற அதே இனம்தான். ஆனால் இங்கே பக்கக் கிழங்குகளைப் பொருட்படுத்தாமல் நடுவிலிருக்கும் தாய்க்கிழங்கைப் பெருக்க வைக்கிறார்கள். நன்றாக விளைந்தால் ஒரு கிழங்கே ஒரு கிலோவைத் தாண்டும். தழையை வெட்டி, வேரைச் சீவி, மண் உதிர்த்துச் சாக்கில் போட்டிருக்கும் அந்தக் கிழங்கின் குருத்தடியில் மெல்லிய இளஞ்சிவப்பு ஓடும். பிஜிக்காரர்கள் இதைத் தாலோ என்கிறார்கள். இரவெல்லாம் பயணம் செய்து தலைநகர் சுவாவுக்குப் போய், அங்கே கழுவப்பட்டுக் கண்டெய்னரில் ஏறி, ஆக்லாந்திலும் சிட்னியிலும் வாழும் சமோவா, தொங்கா, பிஜிக் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு இது போய்ச் சேரும்.

பிஜியின் முந்நூறுக்கும் மேற்பட்ட தீவுகளில் பரப்பளவில் மூன்றாவது தவேயுனி. 180 பாகைத் தீர்க்கரேகை இந்தத் தீவின் ஊடாகவே போகிறது. நாட்டின் ஏற்றுமதிச் சேம்பில் பெரும்பகுதி இந்த ஒரே தீவிலிருந்து வருகிறது. ஆனால் இந்தச் செழிப்பு வடகிழக்கே ஏறத்தாழ தொள்ளாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்னொரு தீவு நாட்டின் இழப்பிலிருந்து தொடங்கியது.

1990-லும் 1991-லும் ஓஃபா, வால் என்ற இரண்டு புயல்கள் அடுத்தடுத்துச் சமோவாவைப் புரட்டிப் போட்டன. ஈரப்பலாவும் வாழையும் விழுந்துவிட்ட நிலத்தில் மக்கள் நம்பியது சேம்பைத்தான். அதிலும் நியூசிலாந்துக்காரர்கள் விரும்பி வாங்கிய ‘தாலோ நியூவே’ என்ற ஒரே ரகத்தைப் பார்த்த இடத்திலெல்லாம் நட்டார்கள். 1993-ன் நடுவில் இலைகளில் நீர்கோத்த புள்ளிகள் தெரிந்தன. ஃபைட்டோஃப்தோரா கொலகேசியே என்ற நுண்ணுயிர்; பூஞ்சையைப் போல நடந்துகொள்ளும், மழைத்துளி தெறிக்கும் தூரமெல்லாம் போகும். வாரக்கணக்கில் நிற்க வேண்டிய இலை சில நாட்களில் கருகி விழுந்தது. இலை இல்லாமல் கிழங்கு பெருக்காது. 1993-ல் சுமார் 35 லட்சம் அமெரிக்க டாலருக்குச் சேம்பு ஏற்றுமதி செய்த நாடு, 1994-ல் 60,000 டாலரைக்கூட எட்டவில்லை. ஆக்லாந்து கடைகளில் காலியான அந்த இடத்தைத் தவேயுனி பிடித்துக்கொண்டது.

அதற்கேற்ற மண் தவேயுனியில் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட எரிமலை வாய்கள் வரிசையாக எழுந்து உருவான தீவு இது. கடைசி வெடிப்பு நடந்து சில நூற்றாண்டுகள்தான் ஆகின்றன. முதுகெலும்பு மாதிரி நடுவில் ஓடும் மலை 1,241 மீட்டர் உயரம். கடற்காற்று அதில் முட்டி மழையாகக் கொட்டுகிறது. கருப்பும் பழுப்புமாகப் பொலபொலவென்று கிடக்கும் எரிமலைச் சாம்பல் மண்ணில் குச்சியால் குத்திக் குழி போட்டு, பக்கக்கன்றை இறக்கிக் காலால் மிதித்துவிட்டால் போதும், ஏழெட்டு மாதத்தில் கிழங்கு. உழவு கிடையாது, பாசனம் கிடையாது. ‘தோட்டத் தீவு’ என்று சுற்றுலாப் பிரசுரங்கள் பெயர் வைத்ததில் மிகையேதும் இல்லை.

ஆனால் சாம்பல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. கரிமச்சத்து இருக்கும்வரை வாரிக் கொடுக்கும். அது கரைந்துபோனால் போட்ட பாஸ்பரஸைக்கூடத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டு பயிருக்கு விடாது. பழைய வழக்கத்தில், ஒரு முறை சேம்பு எடுத்த இடத்தை ஆண்டுக்கணக்கில் காடாக விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போவார்கள். நியூசிலாந்துச் சந்தை திறந்த பிறகு அந்தப் பொறுமை போய்விட்டது. தோண்டிய கையோடு அதே குழியில் அடுத்த கன்று. களைக்கு மருந்தடித்தார்கள். மூன்றாவது, நான்காவது வெள்ளாமையில் கிழங்கு சிறுத்தது. ஏற்றுமதிக்காரர் கேட்கும் அளவுக்கு வராத கிழங்கு கழிவாக ஒதுங்கியது. ரசாயன உரம் கூடியது, மகசூல் கூடவில்லை. உடனே தெரிந்த தீர்வு மேலே இருந்தது: இன்னும் வெட்டாத காடு. தோட்டங்கள் சரிவில் ஏறத் தொடங்கின. மழை பலமாகப் பெய்யும் தீவில் சரிவில் மண்ணைத் திறந்து போட்டால் அது எங்கே போகும் என்பதைக் கரையோரத்துப் பவளப்பாறைகளைக் கேட்க வேண்டும்.

பாறையும் பீடபூமியும் உள்ள பெரிய நாட்டில் விவசாயி கெட்ட நிலத்தை விட்டு வேறு மாவட்டத்துக்குப் போகலாம். தவேயுனி சுமார் 40 கிலோமீட்டர் நீளம், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் அகலம். மேலே காடு, கீழே கடல். இங்கே நிலத்தைக் கெடுத்தவருக்கே அந்த நிலம் திரும்பி வருகிறது, பெரும்பாலும் அவர் காலத்திலேயே.

தீவின் விவசாயிகள் சிலர் சேர்ந்து ‘தெய்தெய் தவேயுனி’ என்ற அமைப்பைத் தொடங்கியது இந்த நெருக்கடியில்தான். பசிபிக் சமூக அமைப்பின் நிலவளப் பிரிவும், பிஜி வேளாண் அமைச்சகமும், பன்னாட்டு வேளாண் ஆய்வுக்கான ஆஸ்திரேலிய மையமான ஏசியாரின் மண்வளத் திட்டமும் அவர்களோடு சேர்ந்தன. சோதனைத் திடல்கள் ஆராய்ச்சி நிலையத்தின் வேலிக்குள் மட்டும் அடங்கிவிடவில்லை. விவசாயிகளின் சொந்தத் தோட்டங்களிலும் போடப்பட்டன. அக்கம்பக்கத்துக்காரர் வேலிக்கு அந்தப்புறம் நின்று எட்டிப் பார்க்க முடிந்தது. விஞ்ஞானி சொன்னதைவிட, பக்கத்துத் தோட்டக்காரர் எடுத்த கிழங்கின் எடை அதிகம் பேசியது.

அந்தத் திடல்களில் விதைக்கப்பட்டது ஒரு கொடி. தமிழ்நாட்டில் வேலியோரம் படர்ந்து, காயின் சுணை பட்டாலே உடம்பெல்லாம் தினவெடுக்க வைக்கும் பூனைக்காலியின் அதே இனம். தவேயுனியில் போடுவது சுணையில்லாத, பயிராக்கப்பட்ட வகை. மூக்குனா என்ற அறிவியல் பெயராலேயே எல்லோரும் அழைக்கிறார்கள். காவிரிப் படுகையில் சணப்பையும் கொழுஞ்சியும் விதைத்து மடக்கி உழுகிற பசுந்தாள் உரத்தின் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. ஆனால் இங்கே உழவு இல்லை. சேம்பு தோண்டிய நிலத்தில் விதையை ஊன்றிவிட்டு ஆறு மாதம் ஒதுங்கிவிட வேண்டும்.

முதல் சில வாரங்களில் நம்பிக்கை வராது, களை முந்திக்கொள்ளும். பிறகு கொடி களையின் மேல் ஏறி வெயிலை மறைக்கிறது. மூன்றாம் மாதம் நிலமே தெரியாது, முழங்கால் வரை இலை. ஆறாம் மாதம் கொடி முதிர்ந்து காய, பழுப்புப் பாய் ஒன்று தரையை மூடிக் கிடக்கும். அந்தப் பாயைக் கையால் விலக்கிப் பார்த்தால் அடியில் ஈரம் நிற்கிறது, இலைச்சருகு பாதி மட்கிக் கருத்திருக்கிறது, மண்புழு நெளிகிறது. பக்கத்திலேயே இடைவிடாமல் சேம்பு போட்ட நிலத்தைக் கிளறினால் இதெல்லாம் அரிது. பாயைப் பிரிக்காமலேயே குச்சியால் ஓட்டை போட்டு அடுத்த கன்றை நடுகிறார்கள். வேர் முடிச்சிலிருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து பிடித்துத் தந்த நைட்ரஜன், இலை மட்கியதில் கிடைத்த கரிமச்சத்து, களை எழவிடாத மூடாக்கு: மூன்றும் கடைக்குப் போகாமல் கிடைக்கின்றன. கிழங்கு மீண்டும் திரண்டது. களைக்கொல்லிக்கான செலவு குறைந்தது.

இவ்வளவு நல்ல கொடியை எல்லோரும் உடனே ஏன் விதைத்துவிடவில்லை என்று கேட்பது எளிது. ஆறு மாதம் நிலம் சும்மா கிடக்க வேண்டும் என்பதுதான் பதில். பள்ளிக் கட்டணம், திருமணம், சாவு, தேவாலயக் காணிக்கை எல்லாம் கிழங்கு விற்ற காசில் நடக்கும் வீட்டில், ஆறு மாதம் என்பது ஒரு பயிர் இழப்பு. மண்ணைக் காப்பது எப்படி என்று தெரியாமல் பசிபிக் விவசாயி நிலத்தைக் கெடுக்கவில்லை. காத்திருக்கும் செலவைத் தனியாக ஏற்க முடியாமல் கெடுக்கிறார். சின்னத் தீவுகளில் நிலப் பாதுகாப்புக்கென்று உருவாகும் எந்தக் கூட்டுறவையும் இந்த ஒரு கேள்வியால்தான் அளக்க வேண்டும்: அந்த ஆறு மாதத்தை யார் ஏற்கிறார்கள்?

தவேயுனியில் அதற்குக் கிடைத்த விடைகள் முழுமையானவை அல்ல, ஆனால் உருப்படியானவை. தோட்டத்தைப் பங்கு பிரித்து, ஒரு பங்கை மட்டும் கொடிக்கு விட்டு மற்றதில் சேம்பு போடுவது ஒன்று. விதையே விற்பனைப் பொருளானது இன்னொன்று: கொடி விட்டவர் காய்களைப் பறித்துக் காயவைத்து, புதிதாகத் தொடங்குபவருக்கு விற்கலாம். ஓய்வுக் காலத்திலும் கையில் கொஞ்சம் காசு புரள்கிறது.

தீவின் கிழக்குப் பக்கம் போனால் இதே கேள்விக்கு வேறொரு விடை இருக்கிறது. மழை அதிகம், சாலை குறைவு, காடு கடல் வரை இறங்கி நிற்கிறது. 1980களின் பிற்பகுதியில் மரம் வெட்டும் யோசனை போமா பகுதி மக்கள் முன் வந்தது. காசு தேவைதான், காட்டை இழக்கவும் மனமில்லை. அவர்கள் அரசிடம் மாற்று வழி கேட்டார்கள், நியூசிலாந்து உதவிக்கு வந்தது. 1990களின் தொடக்கத்தில் போமா தேசிய மரபுப் பூங்கா பிறந்தது. தவோரோ அருவிகளுக்கு ஏறும் பாதை ஒரு கிராமத்தின் பொறுப்பில், லவேனா கரையோர நடைபாதை இன்னொரு கிராமத்தின் பொறுப்பில், வைதாபுவில் மீன்பிடி தடை செய்த பவளப்பாறைப் பகுதி மூன்றாவதின் பொறுப்பில். அனுமதிச் சீட்டுக் காசு கிராமத்துக்கே போகிறது. நிலம் யாருடையதோ அவர்களே வாசலில் உட்கார்ந்து சீட்டுக் கிழிக்கிறார்கள். கொடையாளர் நாடு விலகிய பிறகும் இது நின்றதற்கு முக்கியமான காரணம் அதுதான் என்று தோன்றுகிறது.

மேற்குச் சரிவிலோ நிலைமை மறுபடியும் மாறிக்கொண்டிருக்கிறது. 2016 பிப்ரவரி 20 அன்று வின்ஸ்டன் புயல் பிஜியைத் தாக்கி 44 உயிர்களைக் கொண்டுபோனது. கிழங்கு மண்ணுக்கடியில் இருப்பதால் சேம்பு ஓரளவு தப்பும்; மேலே நிற்கும் கவா செடி சாய்ந்துவிடும். கவா என்றால் அதன் வேரை இடித்து நீரில் கரைத்துக் குடிக்கும் பானம். பிஜியில் அது இல்லாமல் ஒரு சடங்கும் நடக்காது. அதற்கு முந்தைய ஆண்டு வனுவாட்டுவைப் பாம் புயல் அடித்திருந்ததால் பசிபிக் முழுக்க வேர் பற்றாக்குறை, விலை எகிறியது. மூன்று நான்கு ஆண்டு காத்திருந்தால் சேம்பு தராத பணத்தைக் கவா தரும் என்றான பிறகு, நிழலும் புது மண்ணும் தேடி மறுபடி காட்டை நோக்கி ஏறுகிறார்கள். கொடி வென்ற இடத்தில் விலை எதிர்க்கிறது. மண்வளத் திட்டம் வகுப்பவர்கள் சந்தையை வேறு துறையின் சங்கதி என்று தள்ளிவைக்க முடியாது.

தவேயுனியிலிருந்து பெரிய தீவான விட்டி லெவுவுக்கு வந்தால் வடகரையில் ராக்கிராக்கி. கரும்புப் பகுதி. இங்கே தமிழ் வாசகருக்கு நெருங்கிய வரலாறு ஒன்று மண்ணோடு கலந்து கிடக்கிறது. 1879-ல் லியோனிடாஸ் கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆட்கள் ஏறினார்கள். 1916-ல் ஆள் ஏற்றுவது நிற்பதற்குள் வந்து சேர்ந்த அறுபதாயிரத்துச் சொச்சம் பேரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தெற்கிலிருந்து வந்தவர். ஒப்பந்தம் முடிந்ததும் பலர் சிறு குத்தகைதாரராகிக் கரும்பு போட்டார்கள். 1926-ல் சாது குப்புசாமி தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தின் பள்ளிகள் இன்றும் கரும்புக்காட்டு ஊர்களில் நடக்கின்றன.

சமவெளி நிரம்பியதும் கரும்பு குன்றில் ஏறியது, மண் சரிந்தது. 1950களில் சர்க்கரை ஆலைகளை நடத்திய காலனியல் சுகர் நிறுவனம் ஒரு வழி கண்டது. அங்கே பணியாற்றிய ஜான் கிரீன்ஃபீல்ட் சரிவுக்குக் குறுக்கே, சம உயரக் கோட்டில், வெட்டிவேர்ப் புல்லை நெருக்கி நட வைத்தார். செலவு சொற்பம், புல் பரவிக் களையாகாது, வேர் நேராக ஆழம் போகும். மழைநீர் வேலியில் தட்டி வேகம் இழக்க, அது சுமந்து வந்த மண் வேலிக்கு மேல்பக்கம் படிந்தது. ஆண்டுகள் போகப் போகச் சரிவு தானாகவே படிப்படியான தளங்களாகிவிட்டது. 1980களில் உலக வங்கியின் தில்லி அலுவலகத்தில் ரிச்சர்ட் கிரிம்ஷாவும் கிரீன்ஃபீல்டும் இந்திய விவசாயிகளுக்கு வெட்டிவேர் வேலியைப் பரிந்துரைத்தபோது, அவர்கள் கையில் இருந்த உறுதியான சான்று பிஜியின் அந்தப் பழைய வேலிகள்தான்.

ஆனால் பிஜியில் அது கூட்டுறவாக நடக்கவில்லை. நிறுவனம் சொன்னது, கள அலுவலர் பார்த்தார், குத்தகைதாரர் நட்டார். 1973-ல் நிறுவனம் நாட்டைவிட்டுப் போனதும் கண்காணிப்பு தளர்ந்தது. வேலிகள் பல இடங்களில் கவனிப்பாரின்றிப் போயின. நட்டவருக்கு அந்த நிலம் எத்தனை காலம் என்ற கேள்விக்கு அன்றும் தெளிவான பதில் இல்லை.

பிஜியின் நிலத்தில் ஏறத்தாழ 87 சதவீதம் பூர்வகுடிகளான ஈதௌகேய் மக்களின் குலக்குழுக்களுக்குச் சொந்தம். விற்க முடியாது. பிரித்தானியரின் முதல் ஆளுநர் ஆர்தர் கார்டன் இட்ட தடை அது, பசிபிக்கின் வேறு பல மக்கள் இழந்ததைப் பிஜியர் இழக்காமல் காத்தது. 1940-ன் சட்டப்படி அறக்கட்டளை வாரியம் ஒன்று அந்நிலங்களைக் குத்தகைக்கு விடுகிறது. 1976-ன் வேளாண் நிலவுடைமை, குத்தகைச் சட்டம் குறைந்தது 30 ஆண்டுக் குத்தகைக்கு வழி செய்தது. 1997 முதல் அவை ஒவ்வொன்றாக முடிந்தபோது, மூன்று தலைமுறை உழைத்த வயல்களை விட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. இதில் ஒருவரைக் குற்றவாளியாக்குவது நியாயமல்ல: ஒரு பக்கம் மூதாதையர் நிலம், இன்னொரு பக்கம் மூதாதையர் வியர்வை. மண்ணின் கணக்கு மட்டும் இரக்கமில்லாதது. குத்தகையின் கடைசி ஐந்தாண்டில் யாரும் வெட்டிவேர் நட மாட்டார், பூனைக்காலிக்கு ஆறு மாதம் விட மாட்டார். மண்வளத்துக்கு உதவ வரும் எந்த வெளிநாட்டு நிறுவனமும் முதலில் உட்கார வேண்டியது நிலச் சொந்தக்காரர், குத்தகைதாரர் இருவரோடும் ஒரே பாயில். பெரும்பாலான திட்டங்கள் இதை ‘உணர்ச்சிகரமான விஷயம்’ என்று சுற்றிக்கொண்டு போகின்றன. அதுவே அவற்றின் பெரிய பலவீனம்.

மேற்குக் கரை நாடியில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ‘நேச்சர்ஸ் வே’ என்ற கூட்டுறவு இருக்கிறது. 1995-ல் தொடங்கியது. பப்பாளி, கத்திரி, மாம்பழம், ஈரப்பலா எதையும் பழ ஈ முட்டையோடு நியூசிலாந்து உள்ளே விடாது. ரசாயனப் புகையூட்டம் தடையானதும் ஏற்றுமதியே நின்றுபோனது. சூடான காற்றைச் செலுத்திப் பழத்தின் உட்புறம் வரை வெப்பமேற்றும் கருவிக்கான முதலீட்டுக்கு அரசும் கொடையாளரும் கைகொடுத்தார்கள். அதன் பிறகு பதப்படுத்தும் ஒவ்வொரு கிலோவுக்கும் கட்டணம் வாங்கி விவசாயிகளும் ஏற்றுமதியாளர்களும் தாங்களே நடத்துகிறார்கள். பழ மரங்கள் சரிவில் வேர் பிடித்து நிற்கும். ஆண்டுதோறும் தோண்ட வேண்டாம். சந்தைக்கு வழி திறந்ததே மண்ணுக்கும் நல்லதாயிற்று.

சுவாவின் புறநகர் நரேரேயில், வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண அலுவலகக் கட்டடம் போலத் தெரியும் இடம்தான் பசிபிக் பயிர்கள், மரங்களுக்கான மையம். 1998-ல் தொடங்கியது. உள்ளே குளிரூட்டிய அறையில், விளக்கொளியில், வரிசை வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் கூழ் ஊடகத்தில் நிற்கும் விரல் நீளத் தளிர். சேம்பில் மட்டும் ஆயிரத்துக்கும் அதிகமான வகைகள். உலகில் இதைவிடப் பெரிய சேம்புத் தொகுப்பு வேறில்லை. விதையாகச் சேமிக்க முடியாத பயிர் என்பதால் தளிரை அவ்வப்போது வெட்டிப் புதுக் குழாய்க்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரமும் ஆளும் ஒருநாள் தவறினாலும் ஆபத்து. 22 தீவு நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும் தங்கள் கிழங்குகளை ஒரே கூரையின் கீழ் ஒப்படைத்திருப்பது சாதாரண நம்பிக்கையல்ல. தனியாக ஒரு சின்னத் தீவு இப்படி ஓர் ஆய்வகத்தை நடத்த முடியாது, சேர்ந்தால்தான் முடியும். கூட்டுறவு என்ற சொல்லுக்குப் பசிபிக்கில் இருக்கும் மிக உறுதியான உருவம் இந்தக் குழாய்கள்.

சுவாவிலிருந்து சிறு விமானத்தில் வடக்கே பறந்தால் துவாலுவின் ஃபுனாஃபுதி. கீழே கடலில் வளையம் போலப் பவளத் திட்டு. ஒன்பது தீவுகள் சேர்ந்த நாட்டின் மொத்த நிலமே 26 சதுர கிலோமீட்டர். எரிமலை மண் பற்றிய பேச்சே இங்கே எழாது. வெள்ளைப் பவள மணல், சுண்ணாம்பு மிகுந்தது, இரும்புச்சத்தை இறுக்கிவிடும், இலை வெளுக்கும். இந்த மணலில் முன்னோர் புலாக்கா பயிரிட்டார்கள். பெரிய சதுப்புச் சேம்பு. மணலுக்கடியில் கடல்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படலம் தட்டுப்படும்வரை பள்ளம் தோண்டி, இலைதழையைத் தட்டிக் கட்டி மட்கவைத்து, அதில் நட்டார்கள். ஆண்டுக்கணக்கில் பள்ளத்துக்கு இலை ஊட்டுவார்கள். எந்த இலையை எப்போது போடுவது என்பது குடும்ப ரகசியம். மண்ணே இல்லாத இடத்தில் மண்ணை உருவாக்கிய மக்கள் இவர்கள்.

1942-ல் அமெரிக்கப் படை ஓடுதளம் போட வந்தபோது தீவின் நல்ல பள்ளங்கள் பல அதற்கடியில் போயின. ஓடுதளத்துக்கு மணல் வாரிய குழிகள் அரை நூற்றாண்டுக்கும் மேல் உப்புநீரும் குப்பையுமாக நின்றன. மீதமுள்ள பள்ளங்களில் கடல் ஓதம் உச்சத்தைத் தொடும் மாதங்களில் உப்பு ஏறுகிறது. தைவானின் தொழில்நுட்பக் குழு நடத்தும் தோட்டம் ஓடுதளத்துக்கு அப்பால் இருக்கிறது. தீவின் சருகையும் மட்டையையும் அரைத்து, பன்றி எருவோடு மட்கவைத்து, மேடைப் பாத்திகளில் முட்டைக்கோஸ், வெள்ளரி, பப்பாளி. விற்பனை நாளில் விடியலிலேயே வரிசை நிற்கிறது. காய்கறி என்றாலே கப்பலில் வாடி வந்ததுதான் என்றிருந்த ஊரில் அது சின்ன விஷயமல்ல.

அங்கே ஒரு கவலையும் உண்டு. துவாலுவின் அண்டை நாடான கிரிபாத்தியிலும் தைவான் வேளாண் குழு இருந்தது. 2019-ல் கிரிபாத்தி தைவானை விட்டுச் சீனாவை அங்கீகரித்ததும் குழு மூட்டை கட்டியது. மட்கு உரத்துக்கும் தூதரகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கக் கூடாது, ஆனால் இருக்கிறது.

2014 செப்டம்பரில் சமோவாவின் தலைநகர் ஆப்பியாவில் சிறு தீவு நாடுகளின் மூன்றாவது ஐ.நா. மாநாடு கூடியது. மாநாட்டின் மையப்பொருளே ‘உண்மையான, நீடித்த கூட்டுறவு’. ஏறக்குறைய முந்நூறு கூட்டுறவுகள் அங்கே பதிவாயின. பட்டியல் நீளம், ஆனால் வளர்ச்சித் திட்டங்கள் வழக்கமாக மூன்று முதல் ஐந்தாண்டில் முடிந்துவிடும். ஒரு முறை கொடி விட்டுச் சேம்பு எடுக்கவே ஓராண்டுக்கு மேல் ஆகும் நிலத்தில், ஐந்தாண்டு என்பது நான்கு சுற்று. மாற்றம் வேர் பிடிக்கிற நேரத்தில் இறுதி அறிக்கை எழுதப்படுகிறது.

அதே ஆப்பியாவின் வெளிப்புறம் அலஃபுவாவில், தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் வேளாண் வளாகத்தில், இன்னொரு வகைக் கூட்டு வேலை 1999 முதல் நடந்தது. கருகல் நோய்க்குத் தாக்குப்பிடிக்கும் ரகங்களைப் பலாவ், மைக்ரோனீசியாவிலிருந்தும், பின்னர் ஆசியாவிலிருந்தும் வரவழைத்து உள்ளூர்ச் சேம்போடு இனக்கலப்பு செய்தார்கள். எந்த நாற்றை வைத்துக்கொள்வது, எதை வீசுவது என்பதை விவசாயிகளே முடிவு செய்தார்கள். தங்கள் தோட்டத்தில் நட்டு, இலையை எண்ணி, பிறகு வேகவைத்துத் தின்று பார்த்தார்கள். நோய் தாங்கினாலும் வாயில் நமைச்சல் எடுத்தால், குழைந்துபோனால், ஒதுக்கிவிட்டார்கள். சுற்றுக்குச் சுற்று சலித்து எடுத்த ரகங்கள் முதலில் சமோவா வீடுகளின் அடுப்புக்குத் திரும்பின. நோய் தாக்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து நியூசிலாந்துக்கும் கப்பலேறின.

பிஜிக்கு அந்தக் கருகல் நோய் இன்னும் வரவில்லை. துறைமுகங்களில் சோதனை கடுமை. ஆனால் தவேயுனியின் ஏற்றுமதித் தோட்டங்களில் நிற்பது ஏறத்தாழ ஒரே ரகம், இளஞ்சிவப்புக் குருத்துள்ள ‘தௌசாலா நி சமோவா’. 1993-ல் தாலோ நியூவே இருந்த அதே நிலை. நோய் தாங்கும் ரகங்கள் நரேரேயின் குழாய்களில் தயாராக இருக்கின்றன. அவற்றைத் தோட்டத்தில் கலந்து நடும்படி வேளாண் அமைச்சகமும் பசிபிக் சமூக அமைப்பும் சொல்லிவருகின்றன. ஆக்லாந்து கடைக்காரர் கேட்பது இளஞ்சிவப்பை மட்டும்தான். வேறு நிறக் கிழங்கை நட்டவர் அதை உள்ளூர்ச் சந்தையில் குறைந்த விலைக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. அந்த விலை வித்தியாசத்தை ஏற்க ஏற்றுமதியாளரோ வாங்கும் நாடோ இதுவரை முன்வரவில்லை.